கோடைக்கு ஆறு பேர், அக்டோபருக்கு நாலு பேர்

கிளேட்டன் கேர்ஷா 2025 சீசனில் 11 ஆட்டம் ஜெயித்தார், இரண்டுதான் தோற்றார். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியில் அது அவருடைய 18ஆவது வருஷம். சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை மூன்று முறை வாங்கியவர். அந்த வருஷம் ஜூலை 2ஆம் தேதிதான் 3,000ஆவது ஸ்டிரைக்அவுட்டை எடுத்திருந்தார். பிளேஆஃப் வந்தபோது, முதல் சுற்றுக்கான 26 பேர் பட்டியலிலேயே அவர் பெயர் இல்லை. அடுத்த சுற்றில் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் புல்பென்னில். கடைசி வரை ஒரு ஆட்டத்தைக்கூட அவர் தொடங்கவில்லை.

என் அக்கா மகன் அங்கேயே பிறந்து வளர்ந்தவன், டாட்ஜர்ஸ் வெறியன். பட்டியல் வந்த அன்றைக்குப் போன் பண்ணி ஒரு பாட்டம் புலம்பித் தீர்த்தான். "பதினொண்ணுக்கு ரெண்டு மாமா! இதுக்கு மேல அவர் என்னதான் செய்யணும்?" கேள்வி நியாயமானதுதான். ஆனால் போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் இந்த நீளமான பதிவு.

பேஸ்பால் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. பார்க்கிறவர்கள் இந்தப் பத்தியையும் அடுத்ததையும் தாண்டிப் போய்விடலாம். ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ். முதல் பந்தை வீச வருகிறவர்தான் ஸ்டார்ட்டர். இன்றைய கணக்கில் அவர் தொண்ணூறு, நூறு பந்து வீசுவார். ஐந்தாறு இன்னிங்ஸ் தாண்டுவார். மிச்சத்தைப் புல்பென்னிலிருந்து வருகிற ரிலீவர்கள் ஒரு இன்னிங்ஸ், இரண்டு இன்னிங்ஸ் என்று பிரித்துக்கொள்வார்கள். கிரிக்கெட்டில் காலையில் எடுத்துவிட்ட பவுலரைச் சாயங்காலம் வேறு முனையிலிருந்து மறுபடி போடவைக்கலாம். இங்கே அது கிடையாது. ஆட்டத்தை விட்டு வெளியே போனவர் அன்றைக்குத் திரும்பி வரமுடியாது. அதனால் யாரைத் தொடங்கவைப்பது, எப்போது வெளியே எடுப்பது என்ற இரண்டு முடிவுகளில் மேனேஜரின் பாதி வேலை அடங்கிவிடும்.

நூறு பந்து முழு வேகத்தில் வீசின தோளுக்கும் முழங்கைக்கும் குறைந்தது நாலு நாள் ஓய்வு வேண்டும். சீசனோ 162 ஆட்டம், ஆறு மாசம், கிட்டத்தட்ட தினமும். ஆகவே ஐந்து ஸ்டார்ட்டர்கள் முறைவைத்து வருவார்கள். அதுதான் ரொட்டேஷன். ஒரு காலத்தில் நாலு பேரே போதும் என்றிருந்தது. 1971இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியில் குவேயார், டாப்சன், பால்மர், மெக்னாலி என்று நாலு பேர், நாலு பேருமே இருபது ஆட்டம் ஜெயித்தார்கள். இன்று ஒருவர் இருபது ஜெயித்தாலே ஊர் பேசும். அந்த எழுபதுகளிலேயே நாலு மெல்ல ஐந்தாயிற்று. ஜப்பானில் வாரத்துக்கு ஒரு முறைதான், அதாவது ஆறு பேர்.

இப்போது அவனுடைய பதினொண்ணுக்கு ரெண்டு. பிட்சரின் வெற்றிக் கணக்கைப் போல ஏமாற்றுகிற எண் வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம். ஸ்டார்ட்டர் ஐந்து இன்னிங்ஸ் முடித்திருக்க வேண்டும், வெளியே போகும்போது அவருடைய அணி முன்னிலையில் இருக்க வேண்டும், அந்த முன்னிலை கடைசி வரை நிற்க வேண்டும். இந்த மூன்றில் அவர் கையில் இருப்பது ஒன்றுதான். மற்ற இரண்டும் சக பேட்டர்களையும், பின்னால் வருகிற ரிலீவர்களையும் நம்பி. இதற்கு உதாரணம் தேடி வேறு எங்கும் போகவேண்டியதில்லை, அதே டாட்ஜர்ஸில், அதே சீசனின் செப்டம்பரில் இருக்கிறது. 6ஆம் தேதி பால்டிமோரில் யோஷினோபு யமமோட்டோ ஒரு ஹிட்டும் கொடுக்காமல் ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் வரை வந்துவிட்டார். இன்னும் ஒரே அவுட். ஜாக்சன் ஹாலிடே ஒரு ஹோம் ரன் அடித்தார். அப்போதும் டாட்ஜர்ஸ் 3-1 முன்னிலை. யமமோட்டோவை எடுத்துவிட்டு ரிலீவர்களைக் கொண்டுவந்தார்கள். ஆட்டம் 4-3 என்று கைநழுவிப் போனது! யமமோட்டோவின் கணக்கில் வெற்றி ஏறவில்லை. பத்து நாள் கழித்து ஷோஹெய் ஓதானி பிலடெல்பியாவுக்கு எதிராக ஐந்து இன்னிங்ஸ் ஒரு ஹிட்டும் விடாமல் வீசினார். அடுத்த இன்னிங்ஸிலேயே புல்பென் ஆறு ரன்னைத் தாரை வார்த்தது. அதுவும் தோல்வி.

அப்படியானால் எதைப் பார்ப்பது? நான் முதலில் பார்ப்பது, அதே பேட்டர் மூன்றாவது தடவை வரும்போது என்ன நடக்கிறது என்பதை. ஒன்பது பேட்டர்கள் வரிசையாக வந்து போவார்கள். முதல் தடவை தடுமாறினவன் மூன்றாம் தடவை வரும்போது பந்து எங்கிருந்து புறப்படுகிறது, எங்கே வளைகிறது என்று படித்துவைத்திருப்பான். அநேகமாக எல்லாப் பிட்சருக்கும் மூன்றாவது சுற்றில் அடி கூடும், எவ்வளவு கூடுகிறது என்பதில்தான் வித்தியாசம். ஃபாஸ்ட்பால், ஸ்லைடர் என்று இரண்டே பந்து வைத்திருப்பவர் எவ்வளவு வேகமாக வீசினாலும் ரொட்டேஷனில் காலம் தள்ளுவது கஷ்டம். அவருக்குப் புல்பென்தான் சரி. ஒரு இன்னிங்ஸ், மூன்று பேட்டர், முழு வேகம். யமமோட்டோவிடம் ஃபாஸ்ட்பால், ஸ்பிளிட்டர், கர்வ், கட்டர், சிங்கர் என்று பை நிறைய இருக்கிறது. இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸின் இரண்டாவது ஆட்டத்தில் டொராண்டோவுக்கு எதிராக அவர் ஒன்பது இன்னிங்ஸும் வீசி முடித்தார், 105 பந்து. கடைசியாக வந்த இருபது பேட்டர்களும் வரிசையாக அவுட். மூன்றாவது சுற்று, நான்காவது சுற்று என்று வந்தவர்களுக்கும் அவர் புதிராகவே இருந்தார். ஸ்டார்ட்டர் என்றால் அது.

அடுத்தது ஸ்டிரைக்அவுட். பேட்டில் பந்து பட்டுவிட்டால் அப்புறம் என்ன ஆகும் என்பது பாதி அதிர்ஷ்டம். படாமலே அவுட் ஆக்குகிறவரைத்தான் பிளேஆஃப் நடக்கிற அக்டோபரில் நம்பலாம். கேர்ஷா 112 இன்னிங்ஸ் சொச்சத்தில் 84 ஸ்டிரைக்அவுட். அதே அணியின் இளைஞர் எம்மெட் ஷீஹன், முழங்கை அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர், 73 இன்னிங்ஸில் 89. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மேனேஜர் டேவ் ராபர்ட்ஸின் தலைவலி புரியும். கேர்ஷாவுக்கு அப்போது 37 வயது, ஃபாஸ்ட்பால் மணிக்கு 89 மைல் அளவில்தான் போய்க்கொண்டிருந்தது. அவர் பேட்டர்களை வீழ்த்தியது கையால் இல்லை, தலையால். சுமாரான அணிகளிடம் அது செல்லும். அக்டோபரில் எதிரே வருகிறவர்கள் சுமாரான அணிகள் இல்லை.

இன்னொரு விஷயம், விதி சம்பந்தப்பட்டது. 26 பேர் கொண்ட அணியில் அதிகபட்சம் 13 பிட்சர்கள். மைனர் லீக்குக்குத் தடையில்லாமல் அனுப்பித் திரும்ப வரவழைக்கக்கூடிய இளைஞர்கள் இருந்தால், ஐந்தாவது இடத்தை நிரப்புவது சுலபம். லாண்டன் நாக், ஜஸ்டின் ரோப்லெஸ்கி போன்றவர்கள் மைனர் லீக் அணி இருக்கிற ஓக்லஹோமா சிட்டிக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் இடையே பெட்டியும் கையுமாக அலைந்தது அதனால்தான். அனுபவஸ்தரை அப்படி அனுப்பமுடியாது. இரண்டு பேர் சமமாக வீசினால், அனுப்பமுடிகிறவனைத்தான் அனுப்புவார்கள். திறமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதில் டாட்ஜர்ஸுக்கு ஒரு சலுகை வேறு. ஓதானி பேட்டும் பிடிக்கிறார், பந்தும் வீசுகிறார் என்பதால் அந்த 13 கணக்கில் அவர் வரமாட்டார். மற்ற அணிகள் வயிறு எரிவதில் தப்பில்லை.

2025 தொடங்கும்போது டாட்ஜர்ஸின் பட்டியலைப் பார்த்தவர்கள் எல்லாம் கேட்டது, இத்தனை பேரை எங்கே வைப்பார்கள் என்றுதான். யமமோட்டோ 12 வருஷம், 325 மில்லியன் டாலர். பிளேக் ஸ்னெல் ஐந்து வருஷம், 182 மில்லியன். டைலர் கிளாஸ்னோ. ஜப்பானிலிருந்து புதிதாக வந்த ரோக்கி சசாகி, 2022இல் ஒரே ஆட்டத்தில் 19 ஸ்டிரைக்அவுட்டோடு பெர்ஃபெக்ட் கேம் வீசினவர். டஸ்டின் மே. டோனி கான்சலின். ஜூனில் ஓதானி. காலிலும் முட்டியிலும் அறுவை சிகிச்சை முடிந்து மே மாதம் வரப்போகிற கேர்ஷா. எட்டுப் பேர், ஐந்து இடம்!

இந்தக் கேள்வியை ராபர்ட்ஸ் தீர்க்கவேண்டிய அவசியமே வரவில்லை. ஸ்னெல் ஏப்ரல் ஆரம்பத்தில் தோள் வலியென்று போனவர் ஆகஸ்டில்தான் வந்தார். கிளாஸ்னோ ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூலை வரை இல்லை. சசாகி மே மாதத்தோடு காயப் பட்டியலில். கான்சலினுக்கு முழங்கை போயிற்று. டஸ்டின் மே பரிமாற்றத்தில் பாஸ்டனுக்குப் போனார். சீசன் பூராவும் முறை தவறாமல் வந்தது யமமோட்டோ ஒருவர்தான், 30 ஆட்டம், 173 இன்னிங்ஸ் சொச்சம், இ.ஆர்.ஏ. 2.49. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக, ஃபீல்டிங் பிழையால் வந்தவை நீங்கலாக, எத்தனை ரன் விட்டார் என்பதுதான் இந்த இ.ஆர்.ஏ. ஸ்னெல் 11 ஆட்டம், கிளாஸ்னோ 18, ஓதானி 14. கேர்ஷா 22! காலியான இடத்துக்கு வந்து, அங்கேயே உட்கார்ந்து, ஆகஸ்டில் மட்டும் ஐந்து ஆட்டம் ஜெயித்துக்கொடுத்தார். அவர் இல்லாவிட்டால் அந்த அணி 93 ஆட்டம் ஜெயித்திருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அக்கா மகனோடு நான் ஒத்துப்போகிற இடம் இதுதான்.

ஆனால் கோடையின் ரொட்டேஷன் வேறு, அக்டோபரின் ரொட்டேஷன் வேறு. கோடையில் நோக்கம் உடம்பைக் காப்பாற்றுவது. ஓதானிக்கு ஓய்வு கூடுதலாக வேண்டும், யமமோட்டோவுக்கு ஜப்பானில் வாரம் ஒரு முறை வீசின பழக்கம், ஸ்னெல்லின் தோளைப் பார்த்துப் பார்த்து நடத்தவேண்டும். அதனால் ஆறு பேரை வைத்து ஓட்டினார்கள். சுமாராக வீசினாலும் ஆறாவது இன்னிங்ஸ் வரை தாக்குப்பிடித்து, ரிலீவர்களுக்கு ஒரு நாள் லீவு வாங்கிக்கொடுக்கிறவர் அங்கே தங்கம். பிளேஆஃபில் இடையிடையே பயண நாள், ஓய்வு நாள் வரும். நாலு பேர் போதும். ஐந்தாவது ஆளும் ஆறாவது ஆளும் எவ்வளவு நன்றாக ஆடியிருந்தாலும் வெளியே நிற்கவேண்டியதுதான். ஸ்னெல், யமமோட்டோ, கிளாஸ்னோ, ஓதானி. இதில் யாரை எடுத்துவிட்டுக் கேர்ஷாவைப் போடுவது? நான் கேட்டேன். எதிர்முனையில் சத்தமில்லை.

அந்த நாலு பேர் மில்வாக்கிக்கு எதிரான தொடரில் செய்ததைப் பார்த்த பிறகு வாதமே எழவில்லை. ஸ்னெல் எட்டு இன்னிங்ஸ், ஒரே ஹிட், பத்து ஸ்டிரைக்அவுட். யமமோட்டோ முழு ஆட்டம். கிளாஸ்னோ ஆறு இன்னிங்ஸுக்கு ஒரு அவுட் குறைவு, ஒரு ரன். ஓதானி ஆறு இன்னிங்ஸ் ரன்னே இல்லை, பத்து ஸ்டிரைக்அவுட், அன்றைக்கே பேட்டை எடுத்து மூன்று ஹோம் ரன். நாலு பேரும் சேர்ந்து நாலு ஆட்டத்தில் விட்டது மொத்தம் இரண்டு ரன்.

மறுபக்கம் டொராண்டோவின் கதை இன்னும் சுவாரஸ்யம். அங்கே கிறிஸ் பாசிட் சீசனில் 31 ஆட்டம் தொடங்கி 11 ஜெயித்தவர். முதுகு வலியிலிருந்து திரும்பினவருக்குப் புல்பென்தான் கிடைத்தது. ட்ரே யெசாவேஜ் என்ற பையன் வருஷத் தொடக்கத்தில் மைனர் லீக்கின் கீழ்ப்படியில் இருந்தவன். செப்டம்பர் நடுவில்தான் மேலே வந்தான், மூன்றே மூன்று ஆட்டம். அவனை பிளேஆஃப் ரொட்டேஷனில் வைத்தார்கள். நியூயார்க் யாங்கீஸுக்கு எதிராக ஐந்து இன்னிங்ஸைத் தாண்டி ஒரு ஹிட்டும் இல்லாமல் 11 ஸ்டிரைக்அவுட். வேர்ல்ட் சீரிஸ் ஐந்தாவது ஆட்டத்தில் டாட்ஜர்ஸையே ஏழு இன்னிங்ஸ் கட்டிப்போட்டு 12 ஸ்டிரைக்அவுட், ஒரு வாக் (நாலு தப்புப் பந்தால் பேட்டருக்குக் கிடைக்கிற இலவச முதல் பேஸ்) கூடக் கொடுக்கவில்லை. யாரும் பார்த்துப் பழகாத ஸ்பிளிட்டர், மிக உயரத்திலிருந்து இறங்குகிற கை. மூன்று ஆட்டம்தானே ஆடியிருக்கிறான் என்பது அவனுக்குக் குறையாக இல்லை, எதிரிகளுக்கு அவனைப் பற்றித் தெரியாது என்பதால் பலமாகவே அமைந்தது.

அதே அணியில் மேக்ஸ் ஷெர்ஸர், 41 வயது, சீசன் இ.ஆர்.ஏ. 5.19. யாங்கீஸ் தொடருக்கு அவரைச் சேர்க்கவில்லை. அடுத்த தொடரில், சியாட்டிலில், நாலாவது ஆட்டத்தைத் தொடங்கவைத்தார்கள், ஜெயித்தும் கொடுத்தார். வேர்ல்ட் சீரிஸின் கடைசி ஆட்டத்தைத் தொடங்கினவரும் அவரே. யோசித்துப் பாருங்கள். 5.19 வைத்திருந்த கிழவருக்கு ஏழாவது ஆட்டம். 3.36 வைத்திருந்த கிழவருக்குப் புல்பென் பெஞ்சு. இருவரும் அணி மாறி இருந்திருந்தால் கேர்ஷாதான் தொடங்கியிருப்பார் என்று அடித்துச் சொல்வேன். பக்கத்து இருக்கையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்ததுதான் இந்த இடம்.

கேர்ஷாவுக்குப் புல்பென் வேலை ஒத்துவந்ததா என்றால், முதலில் இல்லை. பிலடெல்பியா தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் இரண்டு இன்னிங்ஸில் ஐந்து ரன் வாங்கினார். வாழ்நாள் பூராவும் நிதானமாகத் தயாராகி ஆட்டத்தைத் தொடங்கின உடம்பை, நடுவில் கூப்பிட்டு வா என்றால் என்ன செய்யும்? ஆனால் வேர்ல்ட் சீரிஸ் மூன்றாவது ஆட்டம், 18 இன்னிங்ஸ் இழுத்த அந்த இரவில், பன்னிரண்டாவது இன்னிங்ஸ். மூன்று பேஸிலும் ஆள், இரண்டு அவுட், ஷீஹனை எடுத்துவிட்டு ராபர்ட்ஸ் கையைக் காட்டியது இவரைத்தான். டொராண்டோவின் நேதன் லூக்ஸ் விடாமல் தட்டித் தட்டி எண்ணிக்கையை முழுசாக்கினார். இன்னும் ஒரு பந்து தப்பினால் ரன். லூக்ஸ் அதைத் தரையில் தட்ட, அவுட். ஒரே ஒரு பேட்டர், அவ்வளவுதான். பதினொண்ணுக்கு ரெண்டை விட அந்த ஒரு அவுட்டை நான் உசத்தியாகச் சொல்வேன்.

சசாகியின் கதையும் இதோடு சேர்ந்தது. எட்டு ஆட்டம் தொடங்கிப் பார்த்தார், கட்டுப்பாடு இல்லை, வேகமும் குறைந்திருந்தது, பிறகு தோள். செப்டம்பர் கடைசியில் திரும்பி வந்தபோது ரொட்டேஷனில் அவருக்கு இடமில்லை. ஆனால் டாட்ஜர்ஸின் புல்பென் அதலபாதாளத்தில் கிடந்தது. 72 மில்லியன் கொடுத்து வாங்கின டானர் ஸ்காட் முன்னிலையைத் தொலைப்பதில் பேர் வாங்கிவிட்டார். ஒரு இன்னிங்ஸ்தான், முழு வேகத்தில் வீசு என்று சசாகியிடம் சொன்னார்கள். வேகம் நூறு மைலைத் தொட்டது. ஃபாஸ்ட்பால், ஸ்பிளிட்டர் என்ற இரண்டே பந்து அங்கே தாராளமாகப் போதும். பிலடெல்பியாவை வெளியே அனுப்பின ஆட்டத்தில் எட்டு, ஒன்பது, பத்து என்று மூன்று இன்னிங்ஸ், ஒன்பது பேட்டர், ஒன்பது அவுட். ரொட்டேஷனிலிருந்து இறக்கினதை அவமானமாக எடுத்துக்கொண்டிருந்தால் அந்த அணி அன்றைக்கே ஊர் திரும்பியிருக்கும் என்று தோன்றுகிறது.

கடைசியாக வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டம், நவம்பர் 1. இதில்தான் எனக்கும் ராபர்ட்ஸுக்கும் சண்டை. மூன்றே நாள் ஓய்வோடு ஓதானியை ஏன் தொடங்கவைத்தார் என்று பலர் திட்டினார்கள். கிளாஸ்னோ இருந்தாரே என்றார்கள். அவர் முந்தின நாள் ஒன்பதாவது இன்னிங்ஸில் மூன்றே பந்து வீசி ஆட்டத்தை முடித்துக் கொடுத்திருந்தார். ஆனால் விதியைப் பாருங்கள். பேட்டும் பிடிக்கிற பிட்சர் ஆட்டத்தைத் தொடங்கினால், வீசி முடித்த பிறகும் பேட்டிங் வரிசையில் இருக்கலாம். நடுவில் ரிலீவராக வந்தால் அந்தச் சலுகை கிடையாது. வீசி முடித்ததும் ஃபீல்டிங் போகவேண்டும், இல்லையென்றால் ஆட்டத்தை விட்டே போகவேண்டும். ஓதானியின் கையும் வேண்டும், பேட்டும் கடைசி வரை வேண்டும் என்றால் அவர் தொடங்குவது ஒன்றே வழி. அதனால் அவர் தொடங்கினது சரிதான். அவருக்குப் பின்னால் ரோப்லெஸ்கி, கிளாஸ்னோ, ஷீஹன், ஸ்னெல் என்று வரிசையாக வந்து, முந்தின இரவு 96 பந்து வீசின யமமோட்டோ மறுபடி வந்து கடைசி எட்டு அவுட்டையும் எடுத்து, பதினோராவது இன்னிங்ஸில் 5-4 என்று ஜெயித்தார்கள்.

என் சண்டை மூன்றாவது இன்னிங்ஸைப் பற்றி. ஓதானி களைத்துப்போனது டிவியிலேயே தெரிந்தது. டொராண்டோவின் ஸ்பிரிங்கர் மூன்றாவது பேஸில் நிற்க, அடுத்த பேட்டர் குரேரோவுக்கு வேண்டுமென்றே வாக் கொடுத்தார்கள். அடுத்து வந்த போ பிஷெட் முதல் பந்தையே தூக்கி அடித்தார், மூன்று ரன். வாக் கொடுத்த அந்த நிமிஷமே ஓதானியை மாற்றியிருக்கவேண்டும். மாற்றினாலும் அவருடைய பேட்டிங் போயிருக்காது. அதற்காகத்தானே அவரைத் தொடங்கவே வைத்தார்கள்!